கப்பல் கணக்கில் ஒரு குதிரைக் கர்ப்பம்

கல்யாண ஊர்வலத்துக்குக் கிடைக்கிற குதிரை, எனக்குத் தெரிந்து, போர்ட் பிளேயர் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு முதலாளி நான். இது குதிரை பக்கத்தில் இல்லாதபோது நான் சொல்லிக்கொள்வது. பக்கத்தில் இருந்தால் அது போகிற திசையில்தான் நானும் போவேன்.

இங்கே ஹிந்தி பேசுகிற குடும்பங்களில் மாப்பிள்ளை பெண் குதிரையில்தான் வரவேண்டும். ஆண் குதிரை ஆகாது. என்னுடையது பெண் குதிரை, ரேஸில் ஓடி ஓய்வு பெற்றது. அப்படிச் சொல்லித்தான் மெயின்லேண்டில் என் தலையில் கட்டினார்கள். நான் பார்க்க அது ஓடியது ஒரே தடவை, எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தபோது. அப்போதும் எனக்குப் பின்னால்தான் வந்தது.

அதைக் கப்பலில் ஹேடோ துறைமுகத்துக்குக் கொண்டுவந்த நாலு நாளை நான் மறக்கமாட்டேன். நான் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டு வைக்கோல் தின்றது. கரையில் இறங்கியதும் துறைமுகத்து ஆட்கள் குதிரையை விட்டுவிட்டு என்னைத்தான் தாங்கிப் பிடித்தார்கள். இன்னொரு குதிரைக்காக இன்னொரு தடவை கப்பல் ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். குதிரைக்கோ வயது ஏறிக்கொண்டே போனது. ஆகவே அடுத்த குதிரையை இதுவே பெற்றுக் கொடுக்கட்டும் என்று திட்டம் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்களிலேயே இது ஒன்றில்தான் எனக்கு வேலை கிடையாது.

வண்டூரில் ஒரு பெங்காலி விவசாயி கடற்கரைச் சவாரிக்கு ஆண் குதிரை வைத்திருந்தார். குள்ளம். என் குதிரை பக்கத்தில் நின்றால் அது பள்ளிக்கூடப் பையன்போல இருக்கும். கடைசியில் மண்வெட்டி வாங்கி மண்ணைக் குவித்து நாங்களே ஒரு மேடு போட்டுக் கொடுத்தோம். அந்த மேட்டில் ஏறி நின்று அது தன் கடமையைச் செய்தது. விவசாயி வேறு பக்கம் திரும்பிப் பாக்குச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தேன்.

வேலை முடிந்து சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலில் என் மச்சான், மனைவியின் தம்பி, பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு, சென்னையில் கப்பல் ஏறி அன்றைக்கு வந்து இறங்கியவன். அவனைக் கூப்பிட ஹேடோவுக்குப் போகவேண்டியவன் நான்தான். போகாததற்குச் சாக்காக ஏதோ உளறினேன். அவன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நல்ல மூன்று நாட்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை குதிரையை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா மெயின்லேண்டுக்காரர், தமிழ்ப் பெண், சின்ன வயது. என்னை அண்ணே என்று கூப்பிடுவார். திட்டும்போதும் அண்ணே போட்டுத்தான் திட்டுவார். கையில் தூக்கிப் போகிற ஸ்கேன் மெஷின் ஒன்று வைத்திருந்தார்.

"என்னைக்குச் சேத்தீங்க?"

"கப்பல் வந்த அன்னைக்கு டாக்டரம்மா."

"தேதி சொல்லுங்கண்ணே."

தேதியெல்லாம் படித்தவர்கள் வைத்துக்கொள்வது. எனக்கு எல்லாம் கப்பல்தான். மூத்த பெரியப்பா இறந்தது வெங்காயம் வராத கப்பலுக்கு அடுத்த கப்பல் வந்த அன்றைக்கு. எங்கள் கல்யாணம் புயலில் திரும்பிப் போன கப்பலுக்கு முந்தின நாள். இருந்தாலும் டாக்டரம்மா முன்னால் மானம் போகக் கூடாது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அறிவிப்பில் கப்பல் வியாழக்கிழமை என்று போட்டிருந்தது. நம் கப்பல் என்றைக்குச் சொன்ன நாளில் வந்தது? எப்படியும் இரண்டு நாள் லேட். ஆகச் சனிக்கிழமை.

"சனிக்கிழமை. சத்தியமா."

"அப்ப இன்னைக்குப் பதிமூணாம் நாள்" என்று சொல்லி நீளக் கையுறையைத் தோள்வரை மாட்டிக்கொண்டு, கையைக் குதிரையின் பின்பக்கமாக உள்ளே விட்டார். திரையில் கறுப்பு வட்டம் ஒன்று தெரிந்தது. அதை ஒட்டினாற்போல் இன்னொன்று.

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "பதிமூணு நாளுக்கு இது பெருசா இருக்கே. நல்லா ஞாபகமிருக்கா அண்ணே?"

"நான் பக்கத்துலயே நின்னேன் டாக்டரம்மா. மேடு போட்டதே நாந்தான்."

"ரெட்டை" என்றார்.

நான் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது என்னைத் தள்ளிவிட்டது.

"சந்தோஷப்படாதீங்க. ஒண்ணை நசுக்கணும்."

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். "பதினாறாம் நாள் வரைக்கும் ரெண்டு கருவும் கர்ப்பப்பைக்குள்ள கோலிக்குண்டு மாதிரி உருண்டுகிட்டே இருக்கும். அப்புறம் ஒரு இடத்துல உக்காந்துக்கும். உருளும்போதே ஒண்ணை ஒதுக்கி விரலால அமுக்கிட்டா இன்னொண்ணு பிழைக்கும். உக்காந்த பிறகு, அதுவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டா, ஒண்ணைத் தொட்டா ரெண்டும் போகலாம். தொடாம விட்டா முக்காவாசி ஏழு எட்டு மாசத்துல ரெண்டும் செத்து விழும். தாய்க்கும் உயிர் ஆபத்து."

"ஆடு மூணு கூடப் போடுதே?"

"ஆடு வேற. குதிரைக்குக் கர்ப்பப்பை முழுசும் ஒரு குட்டிக்கே சரியா இருக்கும். ஒரு பாய்ல ரெண்டு பேர் படுத்தா யாருக்குமே தூக்கம் வராதுல்ல?"

"எங்க வீட்ல ஒரு பாய்ல நாலு பேரு படுக்கோம்."

"அதான் உங்க மூஞ்சி இப்படி இருக்கு" என்று உறையைக் கழற்றினார். "இப்ப ரெண்டும் ஒட்டி நிக்குது. உருண்டு விலகட்டும். நாளைக்கு மத்தியானம் நான் கேம்புக்காக ஹேவ்லாக் தீவுக்குப் போறேன். திங்கக்கிழமை காலைல முதல் ஆளா வாங்க. அதான் பதினாறாம் நாள். அதைத் தாண்டக் கூடாது."

வீட்டில் போய் ரெட்டை என்று மட்டும் சொன்னேன். நசுக்குகிற சமாசாரத்தைச் சொல்லவில்லை. எங்களுக்கும் ரெட்டைப் பெண்கள், இரண்டு பேரும் காலேஜ் போகிறார்கள். ஆறு நிமிஷ வித்தியாசத்தில் பிறந்து, பதினெட்டு வருஷமாக அந்த ஆறு நிமிஷத்துக்குச் சண்டை போடுகிறார்கள்.

சின்னவள் ஃபோனை நோண்டிக்கொண்டே கேட்டாள். "அப்பா, குதிரைக்கு ரெட்டைன்னா ஒண்ணை எடுத்துருவாங்கன்னு இதுல போட்டுருக்கே?"

"பெரியதைத்தான் எடுக்கணும்" என்று உடனே அவளே சொன்னாள்.

"ஏன், சும்மா வம்பு வளக்குதது சின்னதுதான?" என்றாள் பெரியவள்.

என் மனைவி கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்தாள். எனக்கு வேறு வழியில்லை. சொன்னேன். சொல்லிவிட்டு என் கட்சியையும் சொன்னேன். "ரெண்டும் பொழச்சா நமக்கு ரெண்டு குதிரைலா? ரெட்டை பெத்தவ நீயே சும்மா கல்லு மாதிரி நிக்கலியா?"

ரெட்டை பெற்றவள் என்பதால் அவள் என் பக்கம் பேசுவாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அன்றைக்கு நான் போட்ட இரண்டாவது கணக்கு அது.

"கல்லு மாதிரியா? எட்டாம் மாசம் எனக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரில கிடந்தேன். எந்த உயிரை வைக்கணும்னு டாக்டர் கேக்கதுக்கு உங்களைத் தேடுதாங்க. நீங்க எங்க இருந்தீய?"

"டீக்கடைல."

"என்ன பண்ணிட்டு இருந்தீய?"

"எல்லாரையும் சிரிக்க வச்சிட்டு இருந்தேன்."

"அந்த வாயில்லாச் சீவனுக்கு டீக்கடையும் கிடையாது. திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க வரவே வேண்டாம்."

அம்மாவுக்கு அப்படி ஒரு எட்டாம் மாதம் இருந்தது பெண்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். சொல்லப்போனால் எனக்கும் பாதிதான் தெரியும். நான் வெளியே போய்க் குதிரையைப் பார்த்தேன். அது என் சட்டைக் காலரைக் கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அதன் வயிற்றைத் தொட்டேன். செத்துப்போய்விடாதே என்று சொல்லவேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. எனக்கு அந்த மாதிரி வசனமெல்லாம் வராது.

மறுநாள் சனிக்கிழமை காலையில் கல்யாண மண்டபத்துத் தெருவில் ஒரு ஊர்வலம். மெதுவாக நடக்கலாம், ஓடவிடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் குதிரையிடம் அதைச் சொல்லவே வேண்டாம். என் மனைவிதான் எப்போதும் குதிரைக்கு ஜிகினாத் துணி கட்டிவிடுவாள். நான் மாப்பிள்ளையைத் தூக்கி ஏற்றிவிட்டு, வாசிப்புக்கு நடுவே பேண்டு வாத்தியக்காரர்களிடம் ரெட்டைக் கதையைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்குப் பதினாலாம் நாளு."

சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. "எப்படிப் பதினாலு?"

"கப்பல் வந்த சனிக்கிழமைலேருந்து எண்ணிப் பாரு."

"கப்பலு எங்க சனிக்கிழமை வந்துது? வியாழக்கிழமைலா வந்துது!"

"வியாழக்கிழமைன்னு போட்டிருந்துது. அப்படின்னா சனிக்கிழமைன்னு அர்த்தம்."

"யோவ்!" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை யோவ் என்றது அதுதான் முதல் தடவை. "எந்தம்பி வியாழக்கிழமை வந்து இறங்கினான். யாரோ பெரிய ஆபீசரு வாராருன்னு அந்த ஒரு கப்பலை மட்டும் சொன்ன நாளைக்கு ஓட்டிட்டு வந்துட்டாங்க. கப்பலு எப்படியும் லேட்டுன்னு சொல்லிட்டு நீங்க கூப்பிடப் போகல. அவன் பெட்டியைத் தலைல வச்சு நடந்தே வந்தான். நீங்க குதிரையோட வந்தது அன்னைக்குச் சாயங்காலம்தான?"

நான் விரலை மடக்கி எண்ணினேன். விரல் போதவில்லை. மேளக்காரர் விரலைக் கடன் வாங்கினேன். வியாழனிலிருந்து எண்ணினால் அன்றைக்குத்தான் பதினாறாம் நாள். திங்கட்கிழமை பதினெட்டு. டாக்டரம்மா மத்தியானம் ஹேவ்லாக்குக்குப் போகிறார். அந்தமானில் கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்து ஒரு உயிருக்கு ஆபத்தானது சரித்திரத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஃபோன் போட்டோம். நான் பேச ஆரம்பித்ததும் மனைவி பிடுங்கி இரண்டே வரியில் சொல்லி முடித்தாள். "அங்கேயே நில்லுங்க, அதை எங்கேயும் நடத்தாதீங்க. படகுக்குப் போற வழிதான், வர்றேன்" என்ற டாக்டரம்மாவின் குரல் எனக்கே கேட்டது. அண்ணே என்று சொல்லவில்லை. அதிலிருந்தே நிலைமை புரிந்தது.

இருபது நிமிஷத்தில் ஒரு தோளில் பயணப் பையும் இன்னொரு தோளில் மெஷினுமாக ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மாப்பிள்ளை இன்னும் குதிரைமேல், தலைப்பாகை, இடுப்பில் வாள், முகத்தின் முன்னால் தொங்குகிற பூச்சரம்.

"தம்பி இறங்குங்க" என்றார் டாக்டரம்மா.

"க்யா ஹுவா?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓடி வந்தார். என்ன ஆச்சு என்கிறார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், குதிரை வயிற்றில் இரண்டு பேர், ஒருவர் இறங்கவேண்டும் என்று சொன்னேன். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், என்னை முகர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை போர்ட் பிளேயரில் பிறந்து வளர்ந்த பையன், தமிழ் தெரியும். அவனே குதித்து இறங்கிவிட்டான். "அங்கிள், பஹ்லே ஜான்வர்" என்றான். முதலில் பிராணி, அப்புறம் கல்யாணம். அந்தப் பெண் கொடுத்துவைத்தவள் என்று அப்போதே நினைத்தேன்.

மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. உதைக்க இடம் இல்லாதபடி குதிரையை அதில் நிறுத்தினோம். வெயிலில் திரை தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு வைத்திருந்த ஜரிகைக் குடையை என் மனைவி மெஷினுக்குப் பிடித்தாள். கயிற்றை மாப்பிள்ளை பிடித்தான். எனக்கு வால்.

"அண்ணே, வாலை இறுக்கிப் பிடிங்க. வாயையும்."

டாக்டரம்மா கையை உள்ளே விட்டதும் குதிரை ஒரு துள்ளு துள்ளியது. லாரியின் கதவு நசுங்கியது. "என்ன இது, நேத்து ஆடாம நின்னுச்சே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா வந்ததும் மரியாதைக்காக வாத்தியக்காரர்கள் வாசிப்பை நிறுத்தியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஜிகினாத் துணி கட்டினபிறகு மேளச் சத்தம் இல்லாமல் அது நின்றதே இல்லை. "வாசிக்கச் சொல்லுங்க! பஜாவ், பஜாவ்!" என்று கத்தினேன். டிரம், டிரம்பெட் எல்லாம் சந்து வாசலுக்கு வந்து ஊத ஆரம்பித்தன. குதிரை பெருமூச்சு விட்டு, ஒரு காலைத் தளர்த்தி, கல்யாணக் குதிரையாக நின்றது.

"கொஞ்சம் மெதுவான பாட்டா வாசிக்கச் சொல்லுங்கண்ணே, என் விரலும் சேர்ந்து ஆடுது!"

மெதுவாக வாசித்தார்கள். திரையில் இரண்டு கறுப்பு வட்டமும் வந்தன. இன்னும் ஒட்டித்தான் நின்றன. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். தோள்வரை உள்ளே இருந்த கை மட்டும் வேலை செய்தது. நெற்றி வியர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு அத்தை திரையைக் காட்டி இன்னொரு அத்தையிடம் பையனா பெண்ணா என்று கேட்டார்.

"உக்காந்துருச்சா?" என்று என் மனைவி கேட்டாள்.

"உக்காரப் பாக்குது... இருங்க... நகருது."

ஒரு வட்டம் இன்னொன்றை விட்டு ஒரு நூல் விலகியது. அப்புறம் ஒரு விரற்கடை. டாக்டரம்மா அதை மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுபோனார். திரையின் விளிம்பில் அது மட்டும் தனியாக நின்றது. நல்ல உருண்டையாக, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். தலையைத்தான் ஆட்டினேன்.

அந்த வட்டம் கொஞ்சம் நசுங்கி, நீண்டு, இல்லாமல் போனது. சத்தமே இல்லை. டிரம்பெட் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. என் மனைவி குடையைப் பிடித்த கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். குடை என் தலையில் இடித்தது.

"ஒண்ணு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "தங்குமா தெரியாது. சரியாப் பதினாறாம் நாள்னா, நாம கடைசிப் படியில நின்னுதான் பிடிச்சிருக்கோம். திங்கக்கிழமை பாப்போம்." இரண்டு ஊசி போட்டார். "இன்னைக்கு இது மேல யாரும் ஏறக் கூடாது." பையைத் தூக்கிக்கொண்டு படகுக்குக் கிளம்பினார்.

இப்போது மாப்பிள்ளை எதில் போவது? மண்டபத்து வாசல்வரை கால் தரையில் படாமல் போகவேண்டும் என்பது அவர்கள் வீட்டுப் பழக்கமாம். தாய்மாமன் சுற்றிலும் பார்த்தார். நடுவில் இறங்கியது ஆஸ்பத்திரிக் கணக்கு, அது சேராது என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு அவர் கண் என்மேல் நின்றது.

நான் சுமந்தேன். ஐம்பத்தி மூன்று வயது, இடுப்பு வலி, தோளில் வாளோடு ஒரு மாப்பிள்ளை. நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த பையன். பூச்சரம் என் முகத்திலும் தொங்கியது. பின்னால் குதிரை, மேலே ஒன்றுமில்லாமல், ஜிகினாத் துணியோடு, பெரிய வீட்டு அம்மாள் காற்று வாங்கப் போவதுபோல வந்தது. என் மனைவி அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க" என்றாள். எனக்குச் சொல்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். "அது உங்க வேகத்துக்கு நடக்க வேண்டியிருக்கு."

திங்கட்கிழமை முதல் ஆளாக நின்றோம். மனைவியும் வந்தாள். திரையில் ஒரு வட்டம் இருந்தது. பத்து நாள் கழித்துப் போனபோது வட்டத்துக்குள் ஒரு பொட்டு மின்னி மின்னி அடங்கியது. "இதயம்" என்றார் டாக்டரம்மா. நான் அவரிடம் பேச்சு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. "அடுத்த தடவை கப்பலைக் கேட்காதீங்க அண்ணே, அண்ணியைக் கேளுங்க" என்றார்.

பதினோரு மாதம். கடைசி மூன்று வாரம் நான் கொட்டகையிலேயே பாய் போட்டுப் படுத்தேன். குளிக்கப் போனால்கூட மகள்களில் ஒருத்தியைக் காவல் வைத்தேன். யார் காவலில் குட்டி பிறக்கும் என்று அவர்களுக்குள் சண்டை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு, தாடி முள்ளாகக் குத்துகிறதே என்று வாசலில் கண்ணாடியை வைத்து ஒரு கன்னம்தான் வழித்திருப்பேன். கொட்டகையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். அவள் தவிடு வைக்கப் போயிருந்தாள்.

சோப்பு நுரையோடு ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. ஈரமாக, கறுப்பாக, கால் மட்டும் நாலு முழத்துக்கு ஒன்று கிடந்தது. தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது, உயிரோடு, முழுசாக, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். குட்டி முன்காலை ஊன்றியது, விழுந்தது. நாலு காலையும் நாலு திசைக்கு வைத்து மறுபடி எழுந்தது. தூக்கிவிடலாம் என்று குனிந்தேன். அது தள்ளாடி வந்து தாய் மடியைத் தேடி, இடம் தெரியாமல் என் கைலியைச் சப்ப ஆரம்பித்தது.

"தள்ளி நில்லுங்க, அதுக்கு வழி விடுங்க" என்றாள் மனைவி.

தள்ளி நின்றேன்.